தார், ஜிம்னியில் ரெண்டாவது பேட்டரி: ராத்திரி ஃபிரிட்ஜும் ஓடணும், காலையில வண்டியும் கிளம்பணும்னா என்ன செய்யணும்?

டிக்கியில் வைத்த ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. பால் கெடவில்லை, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை.

ஊருக்குள் என்றால் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போதும். ஸ்பிட்டியிலோ ஹன்லேயிலோ, டவர் கிடைக்காத ஒரு ஆற்றங்கரையில் இப்படி நடந்தால்? பழைய ஜீப்பை நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் அந்த வழி கிடையாது. மேலே டென்ட், பின்னால் ஃபிரிட்ஜ் என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நீண்ட பயணம் கிளம்புகிறவர்கள் 'டூயல் பேட்டரி' பற்றி விசாரிப்பது இதனால்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பேட்டரி வாங்கலாம்?" என்றுதான். அது இதில் ஈஸியான பாதி. ரெண்டு பேட்டரியையும் எது இணைக்கிறது, எது பிரிக்கிறது, நடுவில் என்ன ஒயர், ஃபியூஸ் எங்கே? காலையில் வண்டி கிளம்புவதும், வழியில் எரியாமல் இருப்பதும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஒரு பேட்டரி ஏன் பத்தாது?

பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்காகச் செய்தது. ஓரிரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தரும். வண்டி கிளம்பியதும் ஆல்டர்னேட்டர் (பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்னும் 'டைனமோ'தான்) செலவானதை நிரப்பிவிடும். இதற்காக அதன் உள்தகடுகள் மெல்லிசாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரி முழுக்கக் கரண்ட் எடுத்து, அடிவரை காலி செய்தால் அந்தத் தகடுகள் தாங்காது. நாலைந்து முறை அப்படி நடந்தாலே பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது சுமார் 3.75 ஆம்பியர். நம்ம ஊர் வெயிலில் கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், சராசரி மணிக்கு 1.9 ஆம்பியர். 10 மணி நேர ராத்திரிக்கு 19 ஏஎச். எல்இடி விளக்கு, போன், கேமரா, ஒரு லேப்டாப் சார்ஜ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10 ஏஎச். மொத்தம் கிட்டத்தட்ட 30. வண்டியோடு வந்த பேட்டரி 60 ஏஎச் என்றால் ஒரே ராத்திரியில் பாதி காலி. புது பேட்டரி இதைத் தாங்கலாம். மூணு வருஷப் பழசு, மலைக் குளிரில், டீசல் என்ஜினைச் சுற்றவேண்டும் என்றால் சந்தேகம்தான்.

ஃபிரிட்ஜ் என்றதும் பீர் ஞாபகம் வரலாம். ஆனால் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அதே பெட்டியில் இன்சுலினும் இருக்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். உறைந்தாலும் வீண், சூடானாலும் வீண். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

ஆஸ்திரேலியாக்காரர்கள் சொல்லித் தந்த பாடம்

இந்த ஏற்பாடு பரவலானது ஆஸ்திரேலியாவில். அங்கே கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனப் பாதை மட்டுமே சுமார் 1,850 கி.மீ. நீளம். மெக்கானிக் கடையும் கிடையாது, ஐஸ் விற்கும் கடையும் கிடையாது. அதனால் ஃபிரிட்ஜ் கட்டாயம், ஃபிரிட்ஜுக்காக ரெண்டாவது பேட்டரியும் கட்டாயம். இன்று இந்தியாவில் பார்க்கும் வயரிங் முறைகள் பெரும்பாலும் அங்கே புழங்கியவைதான். ஒரே சிக்கல், பழைய வண்டிக்கு அங்கே சொன்னதை புது வண்டியில் அப்படியே செய்ய முடியாது.

பழைய ரிலே, புது ஆல்டர்னேட்டர்

ரொம்ப நாளாக இருக்கும் சுலபமான வழி, வோல்ட்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் தரும். மெயின் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் ரிலே ஒட்டி, ரெண்டு பேட்டரியும் சேர்ந்து சார்ஜ் ஆகும். என்ஜினை அணைத்ததும் வோல்ட்டேஜ் இறங்கும். 12.8 பக்கம் வந்தால் ரிலே பிரிந்துவிடும். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் மெயின் பேட்டரியைத் தொடாது. விலை குறைவு, பழுதாகும் பாகங்களும் குறைவு.

புது வண்டிகளில்தான் கதை மாறுகிறது. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. மைலேஜையும் புகையையும் கணக்கில் வைத்து, பல புது வண்டிகளில் 'ஸ்மார்ட்' ஆல்டர்னேட்டர் வருகிறது. பேட்டரி போதுமான அளவு நிரம்பிவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்தால், ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை 12.5 பக்கம்கூட இறக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது 15 வரை ஏற்றும். ரிலேவுக்கு இது புரியாது. நெடுஞ்சாலையில் 5 மணி நேரம் ஓட்டியும், என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து அது பிரிந்தே கிடக்கும். ராத்திரி டென்ட் போட்ட பிறகுதான் ரெண்டாவது பேட்டரி நிரம்பவே இல்லை என்பது தெரியும்.

உங்கள் வண்டி எந்த வகை? 500 ரூபாய் மல்டிமீட்டர் போதும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, என்ஜின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் பாருங்கள். 13.8 - 14.4க்குள் நிலையாக நின்றால் பழைய வகை. 12.5 பக்கம் இறங்கி, அவ்வப்போது ஏறினால் ஸ்மார்ட் வகை.

ஸ்மார்ட் வகைக்கு டிசி-டிசி சார்ஜர் தேவை. உள்ளே வரும் வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும், ரெண்டாவது பேட்டரிக்கு எது சரியோ அந்த வோல்ட்டேஜை மட்டும் அது வெளியே தரும். வோல்ட்டேஜை வைத்து என்ஜின் ஓடுகிறதா என்று அறிய முடியாததால், இக்னிஷனிலிருந்து ஒரு சின்ன சிக்னல் ஒயரும் இதற்குத் தேவை. அதைக் கொடுக்காமல் விட்டு, "சார்ஜரே வேஸ்ட்டுங்க" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

ரெண்டாவது பேட்டரி லித்தியம் என்றால், பழைய வகை ஆல்டர்னேட்டராக இருந்தாலும் டிசி-டிசிதான் நல்லது. காரணம் ரெண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2 வோல்ட் காட்டும். அதனால் என்ஜின் நின்ற பிறகும் ரிலே பிரியாமல் ஒட்டியே இருக்கும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது அந்த இழுப்பில் ஒரு பங்கு லித்தியம் பக்கத்திலிருந்தும் வரும், ஃபியூஸ் போகலாம். இன்னொன்று, காலியான லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் உறிஞ்சும். என்ஜின் ஐடிலில் நிற்கும்போது அந்தச் சுமையில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூடும். 25 ஆம்பியர் சார்ஜர் வைத்தால் 25க்கு மேல் போகவே போகாது.

அந்த 25 ஆம்பியரே போதுமா என்றால், போதும். 3 மணி நேர ஓட்டத்தில் 75 ஏஎச் ஏறும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு முழு நாளின் செலவு 55 - 60 ஏஎச்தான். தினமும் கொஞ்சம் ஓட்டுகிறவருக்குப் பெரிய பேட்டரியே வேண்டாம். ஒரே இடத்தில் 3 நாள் உட்காருகிறவருக்கு சோலார் பேனல் இல்லாமல் ஆகாது.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீங்க

25 ஆம்பியர் வெளியே தர, சார்ஜர் உள்ளே சுமார் 32 ஆம்பியர் இழுக்கும். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர். 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் அந்தத் தூரத்தில் தொலையும் வோல்ட்டேஜ் 0.2க்கும் குறைவு. 6 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட் தொலையும். அது வெப்பமாகத்தான் போகிறது, அதுவும் சீட் கார்பெட்டுக்கு அடியில்.

கடையில் ஒயரின் மொத்தப் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலுறை தடியாக இருக்கும், உள்ளே உலோகம் ஒல்லியாக இருக்கும். கார் ஆம்ப்ளிஃபையர் கிட்களில் வரும் மலிவான ஒயர்கள் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபியூஸ். வீட்டு வயரிங்கில் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. இங்கே ஒயரின் ரெண்டு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்கோ இரும்பில் உரசி உறை கிழிந்தால், ரெண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். நேரடி ஷார்ட்டில் ஒரு பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. ஒயர் சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். அதனால் ரெண்டு ஃபியூஸ் வேண்டும், ஒவ்வொன்றும் அந்தந்த பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். "ஒண்ணு போதும் சார், ஓடும்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் வாக்குவாதம் செய்வதைவிட வேறு கடைக்குப் போவது நேரம் மிச்சம். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான். மேலே சொன்ன ஒயருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் சரி. அடிக்கடி போகிறதே என்று 100 போடக்கூடாது.

என்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட், வழி முழுக்க நெளிவுக் குழாய், சைலன்சரிலிருந்து தள்ளி. கல்லும் குழியுமான ரோட்டில் வண்டி அதிரும்போது, தகட்டின் விளிம்பு ரம்பம் மாதிரி வேலை செய்யும்.

எர்த் கொடுப்பதில் ஒரு விஷயம். பல புது வண்டிகளில் மெயின் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை அது எண்ணுகிறது. எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் கணக்கு தப்பும். பெயின்ட்டைச் சுரண்டி, பாடியில் போல்ட் போட்டு மாட்டவேண்டும்.

எந்த பேட்டரி, எங்கே வைக்கணும்?

100 ஏஎச் ஏஜிஎம் பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ. நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்றால் அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதே 100 ஏஎச் லித்தியம் 11 - 13 கிலோ, 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். விலை அதிகம். எடையும் இடமும் குறைவான தார், ஜிம்னி போன்ற வண்டிக்கு லித்தியம் பொருந்தும்.

ஆனால் லடாக் போகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, செல்கள் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியின் உள்ளேயே இருக்கும் பிஎம்எஸ் சார்ஜைத் தடுத்துவிடும். ராத்திரி உறைபனி, காலையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது என்று பயப்பட வேண்டாம், கேபின் சூடாகும் வரை பொறுத்தால் போதும். வாங்கும்போதே குளிர்ப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெப்பமும் ஆகாது, பானெட்டுக்குள் லித்தியம் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அதைக் கேபினுக்குள் வைக்கக் கூடாது. எதை வைத்தாலும் பாடியோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டும். நைலான் பெல்ட்டில் கட்டிய 30 கிலோ, திடீர் பிரேக்கில் பின்சீட்டில் இருப்பவர் முதுகுக்குத்தான் வரும்.

வாரன்ட்டி, இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பேட்டரி திறன் ஆர்சியில் இருப்பதில்லை. தொல்லை வருவது வேறு பக்கத்திலிருந்து. கம்பெனி ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருந்தால், எலக்ட்ரிக்கல் வாரன்ட்டியை சர்வீஸ் சென்டர் மறுக்க அது போதும். எதையும் வெட்டாமல், பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர் இழுப்பது நல்லது. இன்சூரன்ஸில் மின்சாதன ஆக்சஸரிகளை மதிப்பு சொல்லிச் சேர்க்கலாம். பில்லை வைத்துக்கொண்டு, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. வருஷத்துக்கு ரெண்டு முறை ஏலகிரி, வால்பாறை என்று ஓரிரு ராத்திரி போகிறவருக்கு ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனும், கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரும் போதும். ஒரு ஒயரைக்கூடத் தொடவேண்டாம், வண்டியை விற்றாலும் கையோடு வரும். அதுவும் இல்லாமல் மெயின் பேட்டரியிலேயே ஃபிரிட்ஜ் ஓட்டுகிறவர்கள், ஃபிரிட்ஜில் இருக்கும் பேட்டரி பாதுகாப்பு செட்டிங்கை 'ஹை'யில் வைக்கவேண்டும். வோல்ட்டேஜ் இறங்கும்போது ஃபிரிட்ஜ் சீக்கிரமே தானாக நின்றுவிடும். பால் கெடும், வண்டி கிளம்பும்.

பொருத்தியவர்கள் பெரிய பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்க்கலாம். ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் போட்டுவிட்டு, காலையில் என்ஜினைத் தொடுவதற்கு முன் மெயின் பேட்டரியை மீட்டரில் பாருங்கள். 12.6 - 12.7 என்றால் பிரிப்பு வேலை செய்கிறது. 12.2 என்றால் பாதி காலி, ஃபிரிட்ஜ் எங்கோ தப்பான பக்கத்திலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒயர், லக், ஃபியூஸ் ஹோல்டர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி இறுக்கிவிட்டு அப்புறம் கிளம்பலாம்.