தூண்டில் ரீலுக்கு எந்த நரம்பு? தடிமனாக இருந்தால் மட்டும் போதாது!

‘எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். விற்பனைக்கு வலை போட்டுப் பிடிப்போம். ஆனால், வீட்டுக் குழம்புக்கு இரண்டு மீன் வேண்டும் என்றால், அதற்காக வலை இறக்க முடியவில்லை. பொங்கலுக்கு வந்த மகன், ஸ்பின்னிங் ரீல் பூட்டிய தூண்டில் வாங்கி வந்தான். கடையில் கெட்டியான தங்கூஸ் நரம்பு வாங்கிச் சுற்றினோம். வீசினால், நரம்பு சுருள் சுருளாகக் கொட்டிச் சிக்கிக்கொள்கிறது. ரீல் பழுதா... நரம்பு சரியில்லையா?’

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். ரீலைக் குறை சொல்வதற்கு முன், நரம்பைப் பாருங்கள். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நரம்பிலிருந்துதான் தொடங்குகின்றன. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ‘பெரிய மீன் மாட்டினால் அறுந்துவிடக் கூடாது’ என்று 0.50 மி.மீ நரம்பை ஒரு சின்ன ரீலில் சுற்றினேன். அன்று மாலை முழுக்கச் சிக்கு எடுத்ததுதான் மிச்சம்!

சிக்கு ஏன் விழுகிறது?

மூங்கில் கம்பில் கட்டும் தூண்டிலில் நரம்பு ஓடுவதில்லை. கம்பின் நுனியில் கட்டித் தொங்குகிறது. அதனால், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தொல்லை இல்லை. ஸ்பின்னிங் ரீல் அப்படியல்ல. வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் உருளை (ஸ்பூல்) சுழலாது. நரம்புதான் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று ஓடும். மெல்லிய, மிருதுவான நரம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். தடிமனான நரம்பு, சுற்றி வைத்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். வீசியதும் ஸ்பிரிங் மாதிரி மொத்தமாகத் துள்ளிக் கொட்டும்.

உருளையிலேயே விடை இருக்கிறது

ரீலின் உருளையைச் சுற்றிப் பாருங்கள். ‘0.25/240, 0.30/170, 0.35/120’ என்பது போல எண்கள் இருக்கும். 0.25 மி.மீ நரம்பு 240 மீட்டர், 0.30 மி.மீ நரம்பு 170 மீட்டர் கொள்ளும் என்பது அதன் பொருள். ரீலுக்கு ரீல் இந்த எண்கள் மாறும். இதில் எழுதியிருப்பதைவிடத் தடிமனான நரம்பை வாங்காதீர்கள். தடிமன் இரண்டு மடங்கானால், கொள்ளும் நீளம் கால் பங்காகிவிடும்.

பண்ணைக்குட்டையில் ஒன்று, இரண்டு கிலோ மீன் பிடிக்க 0.25 முதல் 0.30 மி.மீ நைலான் நரம்பு போதும். நரம்பு டப்பாவில் தாங்கும் எடையும் அச்சிட்டிருக்கும். சிலவற்றில் கிலோவில் இருக்கும். சிலவற்றில் பவுண்டில் இருக்கும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். 8 முதல் 10 பவுண்டு, அதாவது மூன்றரை முதல் நான்கரை கிலோ தாங்கும் நரம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

‘மூன்று கிலோ மீன் துள்ளினால் தாங்குமா?’ என்று நினைக்கலாம். மீனின் இழுப்பை நரம்பு மட்டும் தாங்குவதில்லை. கம்பு வளைந்து கொடுக்கும். ரீலில் இருக்கும் ‘டிராக்’ என்ற பிடிப்புத் திருகு, மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக் கொடுக்கும். இந்தத் திருகை இறுக்கி வைத்தால்தான் நரம்பு அறும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கக் கூடாது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நரம்பு நுனியில் கட்டி, ரீலைக் கையில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும்போது திருகு வழுக்கி, நரம்பு மெல்ல இறங்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

மூன்று வகை நரம்பு

நைலான்: நாம் தங்கூஸ் என்று சொல்வது இதைத்தான். விலை குறைவு. இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால், மீன் வெடுக்கென்று இழுத்தாலும் முள் கிழித்துக்கொண்டு வராது. முடிச்சும் எளிதாக நிற்கும். புதியவர்களுக்கு இதுதான் ஏற்றது. வெயில் பட்டால் வலுவிழந்துவிடும் என்பதுதான் இதன் குறை.

பிரெய்டு: மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. அதே தடிமன் நைலானைவிடப் பல மடங்கு வலு உண்டு. தாமரை, அல்லி மண்டிய குளத்தில் விரால் பிடிப்பவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால், நீளவே நீளாது. வெறுங்கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும். சிக்கு விழுந்தால் பிரிப்பதும் கடினம். கை பழகிய பிறகு யோசிக்கலாம்.

ஃபுளோரோகார்பன்: தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கு அதிகம் தெரியாது. சீக்கிரம் மூழ்கும். விலை அதிகம்; விறைப்பும் அதிகம். பழகியவர்கள் முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் கட்டுவதற்குப் பயன்படுத்துவார்கள். ரீல் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை.

சுற்றும் முறை

முடிச்சுப் போடுவதற்கு முன், ரீலின் கம்பி வளையத்தைத் திறந்துகொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, முழுக்கச் சுற்றப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. நரம்புக் கட்டையைத் தரையில் படுக்க வைத்து, கம்பின் கடைசி வளையம் வழியாக நரம்பைக் கொண்டுவந்து உருளையில் கட்டுங்கள். ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொண்டு, சீரான இறுக்கத்தில் சுற்ற வேண்டும். 15 சுற்று ஆனதும் நிறுத்தி, நரம்பைத் தளர விடுங்கள். முறுக்கிக்கொண்டு சுருண்டால், தரையில் உள்ள கட்டையைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். முறுக்கு நின்றுவிடும்.

உருளை விளிம்புக்கு 2 மி.மீ கீழே வரும்போது நிறுத்திவிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் கொட்டும். பாதியோடு விட்டால் தூரம் போகாது. வீசிய பிறகு, கம்பி வளையத்தைக் கையாலேயே மூடுங்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். சுற்றினால் நரம்பு முறுக்கேறிவிடும்.

முள்ளைக் கட்டும்போது, முடிச்சை எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால், உரசலில் சூடேறி, முடிச்சு இருக்கும் இடத்திலேயே அறுந்துவிடும்.

குட்டைக்காரர்கள் கவனிக்க!

பாலித்தீன் விரிப்புப் போட்ட குட்டையில் கூடுதல் கவனம் வேண்டும். முள் தரை தொட்டு விரிப்பில் மாட்டினால், ஓட்டை விழும். தக்கை கட்டி, முள் தரைக்கு ஒரு அடி மேலே நிற்கும்படி வையுங்கள். மாட்டிக்கொண்டால், வம்பாக இழுக்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். போவது ஒரு முள். விரிப்பு கிழிந்தால் தண்ணீரே போய்விடும். தலைக்கு மேல் மின்கம்பி ஓடும் இடத்தில் நின்று தூண்டில் வீசவே கூடாது. கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். ஊர் ஏரி, கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை இருக்கும். கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் வீசிவிட்டு வருவது பெரிய தவறு. அது மக்காது. கொக்கு, மீன்கொத்தி ஆகியவற்றின் காலிலும் சிறகிலும் சுற்றினால், பறக்க முடியாமல் பட்டினியில் சாகும். மேயும் ஆட்டின் காலையும் சுற்றி இறுக்கும். துண்டு நரம்பைப் போட்டு வைக்க ஒரு காலி பாட்டிலைப் பையிலேயே வைத்திருங்கள். வீட்டுக்கு வந்து பொடிப்பொடியாக நறுக்கி, குப்பையில் சேர்த்துவிடலாம்.

நரம்பு என்பது தேய்ந்து தீரும் பொருள். விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பாக இருந்தால், முனையில் இரண்டு மீட்டரை வெட்டிவிட்டு மறுபடி முள் கட்டுங்கள். வெளுத்து, விறைத்துப்போனால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ரீலை வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு... இப்போதைக்கு ரீலைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம். கெட்டி நரம்பைக் கழற்றி, உங்கள் மூங்கில் தூண்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உருளையில் உள்ள எண்ணைப் பார்த்து 0.25 மி.மீ நைலான் நரம்பு வாங்கி, மேலே சொன்னபடி சுற்றுங்கள். முள் கட்டாமல் ஒரு சின்ன ஈயக்குண்டை மட்டும் கட்டி, களத்துமேட்டில் பத்து முறை வீசிப் பாருங்கள். நரம்பு கொட்டாமல் நேராக ஓடினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு மசாலா அரைத்துவிடலாம்!