சமையற்கட்டில் இத்தாலிய மொழி... வயல் வரை போகும் படிப்பு!

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் மருத்துவம், பொறியியல், கணினி என்றுதான் பேச்சு போகும். ஆனால், சாப்பாட்டைப் பற்றிப் படிப்பதற்காகவே பல நாட்டு மாணவர்கள் தேடிவரும் கிராமம் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. பெயர், பொலென்ஸோ. வடமேற்கு இத்தாலியின் பியமோன்தே மாநிலத்தில், பிரா என்ற சிறு நகரத்தை ஒட்டியிருக்கிறது. அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ 19-ம் நூற்றாண்டில் விவசாயப் பண்ணைக்காகக் கட்டிய பெரிய செங்கல் கட்டடத்தில், 2004-ம் ஆண்டு முதல் இயங்குகிறது, உணவு அறிவியல் பல்கலைக்கழகம். பிராவில் பிறந்த கார்லோ பெத்ரீனி தொடங்கிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம்தான் இதற்கு அடித்தளம்.

இது சமையல்காரர்களை உருவாக்கும் கல்லூரி அல்ல. ஓர் உணவு எந்த மண்ணில், யார் கையால், எப்படி உருவாகிறது என்பதே இங்கு பாடம். வகுப்பறைப் பாடத்தோடு பண்ணை, பால் பண்ணை, சந்தை என்று கல்விப் பயணங்களும் உண்டு. இத்தாலிய மொழி தெரியாமல் வந்து இறங்கும் மாணவருக்கு, அந்த மொழியைக் கற்றுத் தருவதில் பாதி வேலையைச் சமையற்கட்டும் சந்தையும் செய்துவிடுகின்றன.

சந்தையே முதல் வகுப்பு

இத்தாலியச் சந்தையில் காய்களைத் தொட்டு, அழுத்திப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது நாகரிகம் அல்ல. வேண்டியதைக் கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். அதனால், பேசத் தெரியாதவருக்குத் தக்காளிகூடக் கிடைக்காது. மாணவர் முதலில் கற்கும் சொற்களில் ஒன்று ‘எத்தோ’. 100 கிராமுக்கு அங்குள்ள பெயர் அது. 200 கிராம் பாலாடைக்கட்டி வேண்டுமானால், ‘இரண்டு எத்தி’ என்று கேட்க வேண்டும்.

அடுத்த பாடம், சமையல் குறிப்பில் வருகிறது. உப்பு, எண்ணெய் போன்றவற்றுக்கு நேராக அளவு இருக்காது. ‘குவான்தோ பாஸ்தா’ என்று மட்டும் இருக்கும். ‘போதுமான அளவு’ என்று பொருள். நம் வீடுகளில் சொல்லும் ‘தேவையான அளவு’தான் அது! எவ்வளவு போதும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பக்கத்தில் நின்று பார்த்து, ருசித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி, சிறு தீயில் எண்ணெயில் வதக்குவது ‘சொஃப்ரித்தோ’. நமக்குத் தாளிப்பு மாதிரி, அங்கு பல குழம்புகளுக்கு அதுதான் தொடக்கம். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கும் ஒரு பெயர் உண்டு, ‘ஸ்கார்பெத்தா’. சின்னச் செருப்பு என்று பொருள். இப்படிச் சாப்பாட்டோடு ஒட்டிய சொல் மறப்பதில்லை.

சிரிப்பும் நெல்லும் ஒரே சொல்

‘ரீஸோ’ என்றால் அரிசி. அதே சொல்லுக்குச் சிரிப்பு என்றும் பொருள் உண்டு. ஆனால், அந்த அரிசிக்குப் பின்னால் இருப்பது சிரிப்பு மட்டுமல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகமாக நெல் விளைவது இத்தாலியில்தான். பியமோன்தேவின் வெர்செல்லி, நோவாரா பகுதிகள் அதன் நெற்களஞ்சியம். போ ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர, 1863-ல் தொடங்கி 1866-க்குள் 80 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள கவூர் கால்வாயை வெட்டினார்கள். அந்த வயல்களில் களை எடுக்க ஒவ்வொரு கோடையிலும் வெளியூர்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நாளெல்லாம் குனிந்து நின்ற அவர்களுக்கு ‘மொந்தீனே’ என்று பெயர். களை நீக்கிச் சுத்தம் செய்பவர்கள் என்று பொருள். 8 மணி நேர வேலை கேட்டு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராடி வென்றவர்கள் அவர்கள். களைக்கொல்லியும் இயந்திரமும் வந்த பிறகு அந்த வேலை மறைந்தது. சொல் மட்டும் நிற்கிறது.

குடைமிளகாய் போய் துலிப் வந்தது

ஒரு பெயர் மறந்துபோனால் விவசாயிக்கு என்ன ஆகும்? பெத்ரீனி தன் புத்தகத்தில் எழுதியிருக்கும் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது.

1996-ம் ஆண்டு, தெரிந்தவர் நடத்தும் உணவகத்தில் குடைமிளகாய்க் கறி சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கே பேர்போன கறி. அன்று ருசியே இல்லை. விசாரித்தால், காய் வந்தது ஹாலந்திலிருந்து! விலை குறைவு, ஒரு பெட்டிக்குச் சரியாக 32 காய்கள், எல்லாம் ஒரே அளவு. சதைப்பற்று மிகுந்த, சதுர வடிவிலான ‘ஆஸ்தி’ குடைமிளகாயைக் கட்டுப்படியாகவில்லை என்று உள்ளூர் விவசாயிகள் கைவிட்டிருந்தார்கள். அது விளைந்த பசுமைக்குடிலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்தால், துலிப் பூக்கிழங்கு. அது போய்ச்சேரும் இடமும் ஹாலந்துதான்!

மலிவான காய் வந்ததால் மட்டும் உள்ளூர் ரகம் போகவில்லை. சாப்பிடுகிறவர்கள் ‘ஆஸ்தி காய் எங்கே?’ என்று கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம். ரகத்தின் பெயர் சொல்லிக் கேட்க ஆள் இருக்கும்வரைதான், அதை விதைக்க விவசாயிக்குத் துணிச்சல் இருக்கும்.

பெயருக்கும் காவல் வேண்டும்

ரிசோட்டோ சமைக்கும் மாணவர், கடையில் ‘அர்போரியோ’, ‘கார்னரோலி’ என்று ரகம் கேட்டு வாங்கப் பழகுகிறார். அர்போரியோ என்பது வெர்செல்லி பக்கத்து ஊரின் பெயர். கார்னரோலி உயரமாக வளரும், சாயும், மகசூலும் குறைவு. அதனால், அதைப் போன்ற குட்டையான வேறு ரகங்களைப் பயிரிட்டு, கார்னரோலி என்ற பெயரிலேயே விற்பதைச் சட்டம் அனுமதித்தது. அசல் ரகத்தை விதைப்பவருக்கு அதில் என்ன லாபம்? 2017-ல் வந்த சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. விதை முதல் பாக்கெட் வரை அசல் ரகம் என்று காட்ட முடிந்தால், ‘கிளாசிக்கோ’ என்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

அதே பகுதியின் பராஜ்ஜா அரிசிக்கு 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு இடத்தில் விளைந்த அரிசியை அந்தப் பெயரில் விற்க முடியாது.

மொழி கற்க வந்த மாணவர், ‘இது என்ன ரகம், எந்த ஊரில் விளைந்தது, விளைவித்தவர் யார்?’ என்று கேட்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலைத் தன் மூட்டையின் மேலேயே எழுதி வைக்கும் விவசாயிக்கு, அப்படிக் கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு வாடிக்கையாளர்.

ரிசோட்டோ செய்முறை (4 பேருக்கு)

ரிசோட்டோ அரிசி 320 கிராம். கழுவக் கூடாது, மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் குழைவைத் தரும். காய்கறி வேகவைத்த தண்ணீர் ஒன்றேகால் லிட்டரைத் தனி அடுப்பில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் சிவக்காமல் வதக்கி, அரிசியைப் போட்டு 2 நிமிடங்கள் வறுக்கவும். பிறகு, சூடான தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, வற்ற வற்றக் கிளறவும். சுமார் 18 நிமிடங்களில், நடுவில் சிறு கடியோடு வெந்துவிடும். இறக்கியபின் வெண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி சேர்த்து வேகமாகக் கிளற வேண்டும். தட்டைச் சாய்த்தால் அலைபோல மெல்ல நகர வேண்டும், அதுதான் பதம். உப்பு? தேவையான அளவு!