நிறுத்த முடியலன்னா என்ன செய்யலாம்?

எக்ஸாம் டிப்ஸ் கேட்டா பேட்ச் குரூப்ல வரிசையா பதில் வரும். "ஆபாச வீடியோ பார்க்கிற பழக்கத்தை விட முடியல மக்கா"ன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்ல. பசங்க மட்டும் இல்ல, பொண்ணுங்களும்தான். அதனால நேராவே பேசுவோம்.

பார்த்தவங்க எல்லாரும் அடிமை கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை அது ஒரு கோளாறா சேர்த்திருக்கு. எத்தனை வீடியோ பார்த்தீங்கங்கிறது கணக்கு இல்ல. நிறுத்தப் பார்த்தும் முடியாம, படிப்பு, உடம்பு, உறவு கெட்டும், 6 மாசம் அளவுக்கு மேல தொடருதா? அதுதான் கேள்வி. 'தப்பு பண்றோமே'ங்கிற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தா அது நோய் இல்லன்னும் அதுலயே தெளிவா இருக்கு.

இது ஏன் முக்கியம்? குற்ற உணர்ச்சி நம்மை யார்கிட்டயும் பேச விடாது. தனியா இருப்போம், மனசு கனக்கும், அதை மறக்க மறுபடி அதே போன். இந்தச் சுழல் எங்க அறுபடும்னு பாருங்க.

2018-ல 827 தளங்களை முடக்க மத்திய அரசு உத்தரவு போட்டது. விபிஎன் தெரிஞ்ச நமக்கு அது ஒரு தடையா? அதனால பூட்டை மட்டும் நம்பாதீங்க.

ஒரு வாரம் குறிச்சு வைங்க: எத்தனை மணி, எந்த இடம், என்ன மனநிலை. பலருக்கு அங்க ஆசையை விட அரியர் பயமும் தூக்கம் வராத ராத்திரியும்தான் தெரியும். போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்துல சார்ஜ் போடுங்க. அலாரத்துக்குத் தனி கடிகாரம் போதும்.

ஆசை வரும்போது அதோட சண்டை போடாதீங்க. சங்குத்துறையில அலை எழும்பி, உடைஞ்சு, திரும்பிப் போறதைப் பார்த்திருப்பீங்க. ஆசையும் அப்படித்தான், தானா இறங்கும். அதுவரை ரூமை விட்டு வெளிய வாங்க, யாரோடயாவது டீ குடிங்க.

20 நாள் இருந்துட்டு 21-ஆம் நாள் வழுக்கினா, அந்த 20 நாள் அழிஞ்சு போகாது. என்ன நடந்ததுன்னு குறிச்சுட்டு மறுநாள் தொடருங்க.

அப்பவும் முடியலன்னா 14416-க்கு கூப்பிடுங்க. டெலி மானஸ், காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். நேர்ல போகணும்னா ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில மனநலப் பிரிவு இருக்கு. காய்ச்சலுக்கு ஓபி சீட்டு எடுக்க வெட்கப்படுறோமா? இதுக்கும் அதே சீட்டுதான்.