லேப்டாப் கண் திறக்கவில்லையா? கலங்க வேண்டாம்!

மந்திரவாதியின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடம்பிலே இருக்கும். அவனை எத்தனை முறை வெட்டினாலும் சாகமாட்டான். இந்தக் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?

லேப்டாப்பும் அந்த மந்திரவாதி மாதிரிதான்!

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. ஏழை வீடுகளிலும் லேப்டாப் புகுந்தது. குடும்பப் படங்கள் அதிலே குடியேறின.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியது. மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் போன்ற ஊர்களிலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை.

அப்படிப் போனவரின் சிரித்த முகம் ஒரு பழைய லேப்டாப்பில் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அது திறக்க மறுத்தால்?

லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

மின்சாரம் வருகிறதா?

முதலில் சார்ஜரைப் பாருங்கள். வேறு பிளக்கில் சொருகுங்கள். கடல் காற்றிலே உப்பு உண்டு. சார்ஜர் முனையில் களிம்பு பிடித்திருக்கலாம். முடிந்தால் அதே வகை வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். சார்ஜரை மட்டும் சொருகி மறுபடி அழுத்துங்கள். பல லேப்டாப்புகள் இதிலேயே விழித்துக்கொள்ளும்!

பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். தீப்பிடிக்கும். மழைநீர் புகுந்திருந்தால் பொத்தானை அழுத்தவே கூடாது.

திரை மட்டும் இருட்டா?

விசிறிச் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது, திரையோ கறுப்பு. அப்படியானால் டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிகிறதா? லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது. கேபிள் மூலம் வீட்டு டி.வி.யோடு இணையுங்கள். அதிலே படம் வந்தால், உடனே எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

கிளி எங்கே?

இதெல்லாம் பலிக்கவில்லையா? அப்போதும் அழ வேண்டாம். படங்களின் உயிர் இருப்பது டிஸ்க் என்ற தனி உறுப்பில். பழைய லேப்டாப்பில் அது உள்ளங்கை அளவுப் பெட்டி. புதியதில் விரல் நீளத் தகடு.

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், ஒரு டன்னுக்கு மேல் எடை! தட்டுகள் 50. அடங்கியதோ 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே படம் அதை நிரப்பிவிடும்!

பழுது பார்ப்பவர் டிஸ்கைக் கழற்றி, அதற்கான உறையில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் சொருகுவார். படங்கள் வந்துவிடும். சில லேப்டாப்புகளில் டிஸ்க் பலகையோடு ஒட்டியிருக்கும். அதைக் கழற்ற முடியாது. பலகையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சில டிஸ்குகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கும். அதற்கு 48 இலக்கச் சாவி வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும்.

“டக், டக்” என்று டிஸ்க் சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். ஓட்ட ஓட்டத் தட்டுகள் கீறும். தகவல் மீட்கும் நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைக்காரரிடம் சொல்லுங்கள்

லேப்டாப்பைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: “எனக்கு லேப்டாப் பெரிதல்ல. படங்கள்தான் வேண்டும். முதலில் அவற்றை எடுங்கள். என்னைக் கேட்காமல் பார்மட் செய்யாதீர்கள்; விண்டோசை மறுபடி போடாதீர்கள்.” எழுதியும் கொடுங்கள். லேப்டாப்பை ஓடவைக்கும் அவசரத்தில் கிளியின் கழுத்தைத் திருகிவிடக் கூடாது அல்லவா?

படங்கள் கிடைத்தபின் ஒன்று செய்யுங்கள். ஒரு பிரதியை வெளி டிஸ்கில் வையுங்கள். இன்னொன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நாஞ்சில் நாட்டு விவசாயி, எத்தனை நெருக்கடி வந்தாலும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பார். உங்கள் வீட்டுப் படங்களும் விதைநெல்தான்!