ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமா?

அக்காவோ அண்ணியோ மாசமா இருந்தா, "ரெண்டு உயிரு, ரெண்டு பங்கு சாப்பிடு"ன்னு தட்டை நிரப்புவாங்க. கணக்கு அப்படி இல்லை.

சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை இயங்க உடம்பு கலோரி செலவழிக்கும். நிக்கிற பைக் ஐடிலிங்கில் பெட்ரோல் குடிக்கிற மாதிரி. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே சுமார் 40 சதவீதத்துக்கு மேல் கூடும். இதயத்துக்கு வேலை அதிகம், குழந்தையும் வளரணும். அதனால இந்தச் செலவு ஏறுது.

ஆனா முதல் மூணு மாசம் கூடுதல் தேவை ரொம்பக் குறைவு. அப்புறம், ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி, தினமும் 350 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது ரெண்டு இட்லி, ஒரு அவிச்ச முட்டை, ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான்!

ரெண்டு பங்கு சோறு எடையையும் சர்க்கரையையும் ஏத்தலாம். சாப்பாடு பத்தலைன்னா குழந்தையின் எடை குறையலாம். தட்டில் கூட வேண்டியது முட்டை, பருப்பு, கீரை.