ஆள் எடுப்பவர் ஒருவர், சம்பளம் பேசுபவர் வேறொருவர்

சிறைக் காவலர், பிரேதப் பரிசோதனை டாக்டர், கடலில் மூழ்குபவரை மீட்கும் நீச்சல் வீரர், நூலகர் - அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் (ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி, மக்கள்தொகை சுமார் 1 கோடி) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள். தேர்வு, பயிற்சி, பணி விதிகள் எல்லாம் மனிதவளத் துறை இயக்குநரின் தலையில்.

அதிகாரம்? அங்கேதான் சிக்கல். சிபாரிசுக்கு வேலை கிடையாது. 1913இல் அமலான சாசனப்படி தகுதித் தேர்வுதான். நல்ல விஷயம், ஆனால் மெதுவான விஷயம். ஷெரீஃபோ ஓட்டு வாங்கி வந்தவர். இயக்குநருக்குக் கீழே இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தை தலைமை நிர்வாகியின் அலுவலகத்திடம்.

2025 ஏப்ரல் இறுதியில் சுமார் 55,000 ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பழைய பாலியல் கொடுமை வழக்குகளுக்கே 400 கோடி டாலர் தரவேண்டியிருக்கிறது என்று நிர்வாகம் கைவிரித்தது. பேரம் எப்படி முடிந்தாலும் அந்தச் சம்பளத்துக்கு ஆள் தேடுவது இயக்குநரின் துறைதான்.