ஊர் இருந்தது; மன்றம் எங்கே இருந்தது?

சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டவர் திருச்சிக்குப் போனாலும், புதுச்சேரிக்குத் திரும்பினாலும், திருவண்ணாமலைக்குப் பிரிந்தாலும் தொட்டுச் செல்லும் ஊர் திண்டிவனம். இரவென்றும் பகலென்றும் பாராமல் வண்டிகள் இரையும் ஊர். 2020 மார்ச் 24 மாலையில் ஊரடங்கு வந்தது. இரைந்த சாலை அடங்கியது.

கடை அடைத்தது. பள்ளி அடைத்தது. பேருந்து நின்றது. ஆனால், தோழர்களே, குப்பை நின்றதா? தாகம் நின்றதா? ஊரடங்கு என்று அறிந்து சாக்கடைதான் தேங்காமல் இருந்ததா?

வீட்டுக்குள் இருங்கள் என்றது அரசு. நாம் வீட்டுக்குள் இருப்பதற்கே வெளியே சிலர் நடமாட வேண்டியிருந்தது! விடியுமுன் தள்ளுவண்டியோடு வந்தவர், குடிநீர்க் குழாயைத் திறந்துவிட்டவர், தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் தூவியவர், நோய் கண்ட வீட்டுக் குப்பையையும் கையில் எடுத்தவர் - இவர்கள்தாம் நகராட்சியின் உயிர்மூச்சு. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை மாற்றி, இனி 'தூய்மைப் பணியாளர்' என்று அழைப்போம் என 2020இல் அறிவித்தார்கள். மகிழ்ச்சி! பெயர் மாறியது, ஒப்பந்தக் கூலியாக உழைத்தவரின் பிழைப்பு மாறியதா? மாலை போட்டோம், கை தட்டினோம். தட்டிய கை நிரந்தர வேலைக்கான ஆணையில் கையெழுத்திட்டதா?

அடுத்த சோதனை சந்தை வழியே வந்தது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவி, 2020 மே 5இல் அது மூடப்பட்டது. பிழைக்கப் போனவர்கள் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் அரியலூருக்கும் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் ஊர் வந்து சேர்ந்தது. யார் வந்தார்? எந்தத் தெருவில் இறங்கினார்? தனியே தங்க அவருக்கு இன்னோர் அறை உண்டா, ஒற்றைக் குடிசைதானா? இந்தக் கேள்விகளுக்கு விடை கோட்டையில் இல்லை. மாவட்ட ஆட்சியர் மேசையிலும் இல்லை. தெருமுனையில் இருக்கிறது. தெருவை அறிந்தவர் எவர்? தெருவால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்!

அவர் இருந்தாரா? இங்கேதான், தோழர்களே, நெஞ்சு கனக்கிறது.

தமிழ்நாட்டு நகராட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19இல்! இடையே ஐந்தாண்டுக்கு மேல் - ஒரு மன்றத்தின் முழு ஆயுள்காலம் - தனி அலுவலர் ஆட்சி. சரி, சுற்றியுள்ள சிற்றூர்களிலாவது மன்றம் இருந்ததா? 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினையைக் காட்டி ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஒன்பதில் விழுப்புரமும் ஒன்று. இங்கே வாக்குப்பெட்டி வந்தது 2021 அக்டோபரில். முதல் அலை அடித்தபோதும் மன்றம் இல்லை; 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை அடித்தபோதும் மன்றம் இல்லை. நகரிலும் இல்லை, நாட்டுப்புறத்திலும் இல்லை!

"அலுவலர்கள் வேலை செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தார்கள். மறுப்பது நன்றி கொன்ற செயல். 2021 மே 24 முதல் மளிகைக் கடையும் திறக்காத முழு ஊரடங்கில், தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து காய்கறியை வண்டியில் ஏற்றித் தெருவுக்கே அனுப்பினவே! பட்டியலில் உள்ளவருக்கு அலுவலர் உதவுவார். பட்டியலில் இல்லாதவரை எவர் காண்பது? 2020இல் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் தந்தார்கள். அட்டையே இல்லாத இருளர் குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்? குழாயில் நீர் வராத சந்துக்காரர் எவரைப் பிடித்து உலுக்குவார்? அலுவலர் மேலே உள்ளவருக்குப் பதில் சொல்கிறார். மன்ற உறுப்பினர் அடுத்த தேர்தலில் கீழே உள்ளவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மன்றம் என்ன சாதிக்கும் என்போர் வரலாற்றைப் புரட்டட்டும். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தது. பசித்த வயிறு பள்ளிக்கு வராது என்பதை டெல்லியா கண்டுபிடித்தது? நகர மன்றம் கண்டது!

பெருநோய் தணிந்த பின் கட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. பேருந்து ஓடிற்று; சந்தை கூடிற்று. பாடம் மறந்த பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபர் 27இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது, இதே மாவட்டத்து மரக்காணம் வட்டாரம் முதலியார்குப்பத்தில். தெருவின் தன்னார்வலரே தெருப்பிள்ளைக்கு ஆசான்! ஊரை மீட்பது ஊர்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை நடத்தி முடி என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-உ பிரிவு. வழக்கு என்றார்கள், வார்டு வரையறை என்றார்கள், நாள் கடத்தினார்கள். 2025 ஜனவரியில் 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் நாற்காலியில் அமர்ந்தவர் தனி அலுவலரே! ஆள்வோர் எவராயினும், நமக்கு வேண்டியவரே ஆயினும், கேட்கத்தான் செய்வோம்: தலைநகருக்குச் சுயாட்சி வேண்டும் என்று முழங்கும் நாம், தெருவுக்குச் சுயாட்சியை மறுக்கலாமா?

நோய் நாள் பார்த்து வருவதில்லை. தேர்தலை நாள் பார்த்து நடத்த முடியும். மன்றத்தை உரிய காலத்தில் அமையுங்கள். விடியுமுன் தள்ளுவண்டி தள்ளும் தோழருக்கு நிரந்தர வேலை கொடுங்கள். அடுத்த பெருநோய் வரும் நாளில் திண்டிவனத்துச் சந்துக்காரர் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கட்டும்; தட்டினால் திறக்க, அவர் தேர்ந்தெடுத்த ஆள் உள்ளே இருக்கட்டும்!